குடும்பத்தில் யாருக்கேனும்

டோக்கன் பத்தொன்பது என் கையில், டாக்டரிடம் உள்ளே போயிருப்பது ஏழு, நடுவில் பதினோரு பெண்கள், ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று வைத்தாலும் இன்றைக்கு மதியச் சோறு இரண்டு மணிக்குத்தான். அதற்குள் இந்த ஒரு பக்கத்தை நிரப்ப முடியாதா என்ன. மொத்தம் ஒன்பது கேள்வி, எட்டை வந்து உட்கார்ந்த சூட்டோடு எழுதிவிட்டேன். பெயர் வசந்தாமணி, வயது ஐம்பத்தொன்று, வேலை சாயப்பட்டறை லேப், ஊர் திருப்பூர், குழந்தை ஒன்று, பெண். காலில் ரத்தம் உறைந்தது இல்லை, கர்ப்பப்பை எடுக்கவில்லை, கடைசியாக விலக்கானது போன வருஷம் மாசி. ஒன்பதாவதில் பேனா நின்றுவிட்டது. குடும்பத்தில் யாருக்கேனும் மார்பகப் புற்றுநோய் இருந்ததா? பக்கத்தில் மூன்று கட்டம், ஆம், இல்லை, தெரியாது. காகிதம் ரோஸ் நிறம், கடைக்காரன் ரோஸ் என்றுதான் விற்றிருப்பான், எனக்கு இது மஞ்சள் ஒரு துளி தூக்கலாக விழுந்துவிட்ட ரோஸ், இருபத்தாறு வருஷமாகத் துணியில் நிறம் பார்த்துப் பார்த்துக் கண் அப்படி ஆகிவிட்டது, கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்க்கமாட்டேன், மாப்பிள்ளை சட்டையும் வேட்டிக் கரையும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன். எதிரில் உட்கார்ந்திருக்கும் கர்ப்பிணிப் பெண் என் காகிதத்தையே பார்க்கிறாள், இந்த வயதில் இந்த அம்மாவுக்கு இங்கே என்ன வேலை என்று நினைக்கிறாள் போல, நினைக்கட்டும், அவளும் ஒரு நாள் வருவாள். கேள்வியை மறுபடி படித்தேன். படித்தால் பதில் மாறிவிடுமா என்ன.

வருகிறது. இதோ வந்துவிட்டது. நெஞ்சுக்குழியில் ஆரம்பிக்கிறது, எப்போதும் அங்கேதான், அங்கிருந்து கழுத்துக்கு ஏறி, காதுமடலுக்குப் போய், காதுமடல் என்னவோ தனியாக அடுப்பில் வைத்த மாதிரி ஆகி, பிறகுதான் வேர்வை, முதலில் மேலுதடு, அப்புறம் முதுகு. சுவரில் மணி பதினொன்று நாலு. விலக்கு நின்றதிலிருந்து இப்படித்தான், இதை எல்லோரும் எரிச்சல் என்கிறார்கள், ஆவி அடிக்கிறது என்கிறார்கள், எனக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, பாதி நேரம் எனக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருக்கும் உடம்பு தானாகச் சூடேறித் தானாகத் தணிகிறதே, யார் இதற்குச் சுவிட்ச் போடுகிறார்கள், எதைப் பார்த்துப் போடுகிறார்கள்? காப்பி குடித்தால் வருகிறதா என்று ஒரு வாரம் காப்பியை நிறுத்திப் பார்த்தேன், காரத்தை நிறுத்தினேன், கோபத்தை நிறுத்த முடியவில்லை. லேப்பில் சும்மா கிடந்த, சாயக் கலவை எழுதுகிற ரெசிப்பி அட்டையில் தேதி போட்டு எழுத ஆரம்பித்தேன், மூன்று பத்து, நாலு நிமிஷம், கழுத்துவரை, ஐந்து நாற்பது, ஆறு நிமிஷம், முழுசும். என்னோடு வேலை செய்கிற மார்ட்டின் அந்த அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இது எந்த பையரோட ஷேடு? சாயம், உப்பு, சோடா ஒண்ணுமே எழுதல, நேரம் மட்டும் இருக்கு" என்று கேட்டான். "இது நம்ம சொந்தச் சரக்கு தம்பி, ஆர்டர் இல்லாமயே ஓடுது" என்றேன். புரியாமல் சிரித்தான். இப்போது வந்தது தணிந்துவிட்டது, மணி பதினொன்று எட்டு, நாலு நிமிஷம். எதிரில் இருக்கும் பெண் தன் விசிறிமட்டையை நீட்டினாள், ஏதோ ஸ்கேன் சென்டர் விளம்பர அட்டை, வாங்கிக்கொண்டேன், நல்ல பெண்தான், அவசரப்பட்டு அவளைப் பற்றி நினைத்துவிட்டேன்.

வேடிக்கை என்று சொன்னேனே, அதெல்லாம் பகலுக்கு. தூக்கம் போனபோது வேடிக்கை போய்விட்டது. என் வீட்டுக்காரர் ஈசுவரமூர்த்தி தங்கமானவர், இரண்டாவது ஃபேன் ஒன்று வாங்கி என் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, மார்கழியில் இவர் கம்பளிக்குள் சுருண்டு படுத்திருப்பார், "ஊட்டிக்குப் போற செலவு மிச்சம்" என்பார். நான் சிரிப்பேன். ஆளி விதை தின்றேன், சோயா தின்றேன், ஒரு சித்த வைத்தியர் சூரணத்தை மூன்று மாதம் தேனில் குழைத்துத் தின்றேன், தேன் நன்றாக இருந்தது. ஆனால் போன ஐப்பசியில் நடந்தது மறக்காது. சாம்பல் நிறம், துணி வாங்குகிற பையர் அனுப்பிய மாதிரித் துணி, நான் சாயம் கலந்து அதற்குச் சரியாகக் கொண்டுவந்து, விளக்குப் பெட்டியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், அந்த நேரம் பார்த்து இது ஏறுகிறது, மூக்குக்கண்ணாடி ஆவி பிடித்துப்போனது, கழற்றித் துடைத்தேன், பகல் வெளிச்ச விளக்கில் பார்த்துவிட்டேன், கடையில் எரிகிற டியூப்லைட் வெளிச்சத்துக்கான விளக்கைப் போட்டேனா? போட்டேன் என்று நினைத்தேன். போட்டேன் என்றுதான் கையெழுத்துப் போட்டேன். நானூறு கிலோ துணி சாயமாகி வந்தபிறகு டியூப்லைட்டுக்கு அடியில் அது சிவப்படித்துக்கொண்டு நிற்கிறது. முதலாளி ஒரு வார்த்தை பேசவில்லை, பேசியிருக்கலாம். மறுநாளிலிருந்து என் கையெழுத்துக்குப் பக்கத்தில் மார்ட்டின் ஒரு கையெழுத்துப் போட வேண்டும் என்று வைத்தார். நான் கற்றுக்கொடுத்த பையன் என் கண்ணுக்குச் சாட்சி போடுகிறான். அன்றைக்கு பாத்ரூமில் நின்று அழுதேன், எரிச்சலுக்கு இல்லை, அதற்கு. எனக்கு என் தூக்கம் வேண்டும், தூக்கம் வந்தால் கண் வரும், கண் வந்தால் அந்த இரண்டாவது கையெழுத்து போகும். இதற்குத்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன், வேறு எந்த மர்மமும் இல்லை.

எட்டு. எட்டாம் நம்பர் உள்ளே போகிறாள், மாமியார் கூடவே போகிறார். போன வாரம் முதல் தடவை வந்தபோது டாக்டர் ஜெசிந்தா என்னை உட்கார வைத்து அரை மணி நேரம் பேசினார், எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை, இதற்கு மருந்து இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாதே, வயசானால் வரும், பல்லைக் கடித்துக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான் என்றல்லவா இருந்தேன். நின்றுபோன ஹார்மோனை வெளியிலிருந்து கொஞ்சமாகக் கொடுப்பார்களாம். மாத்திரை உண்டு, கையில் தடவும் ஜெல் உண்டு, பிளாஸ்திரி மாதிரி இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் பேட்ச் உண்டு, கர்ப்பப்பை இருப்பவர்களுக்கு அதைக் காப்பாற்ற இன்னொரு மாத்திரையும் சேர்க்க வேண்டுமாம். "எல்லாருக்கும் ஒரே அளவு கிடையாதும்மா. குறைச்சலா ஆரம்பிப்போம், மூணு மாசம் பாப்போம், ஒத்து வரலைன்னா மாத்துவோம்" என்றார். எனக்குச் சந்தோஷம் பொங்கிவிட்டது. இதைத்தானே நான் இருபத்தாறு வருஷமாகச் செய்கிறேன், குறைவாகப் போடு, எடுத்துப் பார், ஒரு துளி கூட்டு, மறுபடி பார். பேட்ச் வழியாகத் தோல் எப்படி உறிஞ்சும், குளித்தால் போய்விடாதா, வேர்த்தால் கழன்றுவிடாதா, வேர்ப்பதற்குத்தானே ஒட்டுகிறோம், வேர்த்துக் கழன்றால் என்ன செய்வது? டாக்டர் சிரித்துவிட்டார். "நீங்க டாக்டருக்குப் படிச்சிருக்கலாம்" என்றார். பத்தாவது முடித்ததும் நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லவில்லை. மார்பு எக்ஸ்ரே ஒன்று எடுத்துவரச் சொன்னார், எடுத்துவிட்டேன், அழுத்திப் பிடித்து எடுக்கிறார்கள், உயிர் போகிறது, உறையில் இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை என்று எழுதியிருப்பதாக அங்கே இருந்த பெண் சொன்னாள். கடைசியில்தான் இந்தக் காகிதத்தைக் கொடுத்தார். "ஒன்பதாவது கேள்விய மட்டும் வீட்டுல நல்லா விசாரிச்சு எழுதுங்க. அத வெச்சுத்தான் பேட்ச் குடுக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணுவேன்" என்றார். ஒரு வாரம் இருந்தது. நான் யாரையும் விசாரிக்கவில்லை.

யாரை விசாரிப்பது, எங்கள் அம்மாவையா? அம்மா நாகமணி செத்துப்போய் நாற்பது வருஷம், எனக்கு அப்போது பதினொன்று, அம்மாவுக்கு முப்பத்தேழு. வயித்து வலி. ஊருக்கு வயித்து வலி, பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டபோது வயித்து வலி, என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் வயித்து வலி, ஈசுவரமூர்த்திக்கு இன்றுவரை தன் மாமியார் வயித்து வலியில் போனவர். கொஞ்ச நாள் நானும் நம்பினேன், வயிறு வலித்தால் பயந்துகொண்டு சோம்பு மென்று தின்பேன். ஆனால் அம்மா வயிற்றைப் பிடித்து நான் பார்த்ததே இல்லை. அம்மா இடது கையைத் தூக்காமல் வலது கையால் தலை வாருவாள், அது ஞாபகம் இருக்கிறது. தண்ணீர்க்குடம் எப்போதும் இடது இடுப்பில் வைப்பவள் வலது பக்கம் மாற்றினாள். முந்தானையை இழுத்து இழுத்து இடது பக்கம் மூடிக்கொள்வாள், அவள் ரவிக்கை மட்டும் தனிக் கயிற்றில் காயும், உள்ளே துணி வைத்துத் தைத்த ரவிக்கை, நான் தொடப்போனால் கையைத் தட்டிவிடுவார்கள். கோயம்புத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது பழநிக்குப் போகிறோம் என்று சொன்னார்கள், திரும்பி வரும்போது பஞ்சாமிர்தம்கூட வாங்கிவந்தார்கள், கோயம்புத்தூரில் ஏது பழநிப் பஞ்சாமிர்தம், அந்த அளவுக்குக் கெட்டிக்காரர்கள். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் என்ன விடை வருகிறது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் யாரும் என்னிடம் சொன்னதில்லை. சொல்லாததைத் தெரியும் என்று எழுதலாமா? தெரியாது என்ற கட்டம் அதற்காகத்தானே வைத்திருக்கிறார்கள். தெரியாது என்று போட்டால் டாக்டர் மறுபடி விசாரிக்கச் சொல்வார். இல்லை என்று போட்டால் இன்றைக்கே பேட்ச் கிடைத்துவிடும். யார் வந்து சாட்சி சொல்லப்போகிறார்கள், இந்தக் கேள்விக்கு இரண்டாவது கையெழுத்து கிடையாதே. பேனா இல்லை என்ற கட்டத்துக்கு மேலே நின்றது, நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு யாரோ பிடித்திருக்கிற பேனா மாதிரி. சீ, என்ன பழக்கம் இது! கடை விளக்கைப் போடாமலேயே போட்டேன் என்று கையெழுத்துப் போட்டவளுக்கு இதுவும் வந்துவிடுமா? பயமாக இருந்தது. நோய்க்குப் பயந்தேனா, பொய்க்குப் பயந்தேனா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பன்னிரண்டாம் நம்பர் போனதும் எழுந்து மாடிப்படிக்கு வந்து சின்னம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மாவின் தங்கை ராமாத்தாள், எழுபத்திரண்டு வயது, காங்கயத்தில் மகன் வீட்டில் இருக்கிறார், அம்மா படுத்திருந்த ஆறு மாதமும் கூடவே இருந்து பார்த்தவர் அவர்தான். "சொல்லு அம்மிணி, சாப்டியா?" என்றார். "இல்லீங் சின்னம்மா, ஆஸ்பத்திரில இருக்கறன்." "ஏங் கண்ணு, என்னாச்சு?" எரிச்சல், தூக்கம், மருந்து, எல்லாவற்றையும் சொன்னேன், அவர் ம், ம் என்று கேட்டுக்கொண்டே வந்தார். "இங்க ஒரு கேள்வி கேட்டிருக்காங்க சின்னம்மா. எங்கம்மாளுக்கு என்ன சீக்கு?" அந்தப் பக்கம் டிவியில் ஏதோ நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. "அதான் தெரியுமில்ல, வயித்து வலி." "சின்னம்மா, எனக்கு அம்பத்தோரு வயசாச்சுங்." டிவி சத்தம் நின்றது, எழுந்து வேறு இடத்துக்கு நடக்கிறார், கதவு சாத்துகிறார், எல்லாம் காதில் விழுந்தது. "மார்லதான் கண்ணு," என்றார், குரல் போனுக்குள்ளே நுழைந்து வந்த மாதிரி தாழ்ந்திருந்தது. "எடது பக்கம். புண்ணாயிப் போச்சு. அப்பல்லாம் வெளிய சொன்னா உன்ன எவன் கட்டுவான்? எனக்குப் பொறக்கற புள்ளைங்கள எவன் கட்டுவான்? உங்கப்பந்தான் யாரும் வாயத் தொறக்கக்கூடாதுன்னு சத்தியம் வாங்குனாரு." எனக்கு ஆச்சரியமே இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான், ரொம்ப நாளாகத் தெரிந்ததை இப்போது காதால் கேட்டிருக்கிறேன். சரிங் சின்னம்மா, வெச்சிர்றன் என்று சொல்லப் போனேன். "வசந்தா," என்றார். எப்போதும் அம்மிணி, கண்ணு, பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். "அந்தக் கேள்வில அம்மாளுக்கு மட்டுந்தான் கேட்டிருக்கா?" "குடும்பத்துல யாருக்காவதுன்னு போட்டிருக்குதுங்." "அப்ப எனக்கும் எழுதோணுமாட்ட இருக்குது. எனக்கும் எடுத்துட்டாங்க கண்ணு. பன்னெண்டு வருசமாச்சு."

முட்டி ஆபரேஷன்! பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சின்னம்மாவுக்கு கோயம்புத்தூரில் முட்டி ஆபரேஷன், நான் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன், கட்டிலில் உட்கார்ந்திருந்தார், நான் தரையில் உட்கார்ந்து அவர் முட்டிக்கு வேப்பெண்ணெய் தேய்த்துவிட்டேன், தழும்பே இல்லையே சின்னம்மா என்றேன், "இப்பல்லாம் ஓட்டை போட்டுச் செய்யறாங்க" என்றார். ஒரு வருஷம் நொண்டினார். சின்னம்மாவின் மகள் மேகலா கல்யாணத்தில் மணமகளின் அம்மா நொண்டிக்கொண்டே எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டார், காலையில் வலது கால், சாயங்காலம் இடது கால், நான் பார்த்தேன், வயசானால் இரண்டு பக்கமும் வலிக்கும்போல என்று நினைத்தேன், நிறத்தில் ஒரு துளி மஞ்சள் கூடினால் கண்டுபிடிக்கிற கண் எனக்கு. "மேகலாளுக்குத் தாம்பூலம் மாத்தி அஞ்சு மாசத்துல கண்ணாலம் வெச்சிருந்தம். சொன்னா நின்னு போயிருமில்ல," என்றார் போனில். "உங்க சித்தப்பனுக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். அவரும் போயிட்டாரு. பொறகு அஞ்சு வருசம் மாத்திர போடோணும்னாங்க, சக்கர மாத்திரைன்னு சொல்லிப்போட்டன். அதனால காப்பிக்குச் சக்கர போட முடியாமப் போச்சு." ஐந்து வருஷம் சர்க்கரை இல்லாத காப்பி! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், என் சின்னம்மா மறைத்தே காட்டிவிட்டார். சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே கோபம் வந்தது, அந்த மனுஷி மார்பில் கட்டோடு உட்கார்ந்திருக்க நான் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேனே என்று அழுகையும் வந்தது. "அந்த மாத்திர போட்டா உடம்பெல்லாங் கொதிக்கும் கண்ணு, நீ சொல்றியே அதே மாதிரிதான், நெஞ்சுல ஆரம்பிச்சுக் காதுக்கு ஏறும். காட்டு வேல செஞ்ச சூடும்பன். யாருகிட்டயும் இதப் பேசுனதே இல்ல." அப்புறம் மூச்சை இழுத்துக்கொண்டு, "உன்ற வாயிலிருந்து வெளிய போவக்கூடாது, ஆமா. மேகலாளுக்குக்கூடத் தெரியாது," என்றார். "சரிங் சின்னம்மா," என்று நானும் சொல்லிவிட்டேன். என் அப்பா வாங்கிய சத்தியத்தில் நாற்பது வருஷம் கழித்து நானும் சேர்ந்துகொண்டேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது பதினாறு போய்க்கொண்டிருந்தது. ஆம் என்ற கட்டத்தில் டிக் போட்டேன், கீழே யார் என்று எழுத ஒரு கோடு இருந்தது, அம்மா என்று எழுதினேன், பேனாவை மூடினேன். அம்மா போதும். சின்னம்மா சொல்லாதே என்று சொன்னதை எழுதாமல் விட்டால் அது பொய் ஆகுமா? எழுதினால் துரோகம் ஆகுமா? டாக்டருக்கு ராமாத்தாள் யார் என்று தெரியப்போகிறதா, காங்கயத்தில் சம்பந்தம் பேசப் போகிறாரா? ஆனால் இப்படித்தானே, ஒவ்வொருத்தரும் ஒன்றை எழுதாமல் விட்டு விட்டு, கடைசியில் வயித்து வலியிலேயே ஒரு வம்சம் செத்துக்கொண்டிருக்கிறது. என் மகள் சிந்துஜாவுக்கு இருபத்தேழு. சென்னையில் வேலை. அவள் ஒரு நாள் இதே மாதிரி ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எனக்குப் போன் போடுவாள், நான் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கதவைச் சாத்துவேனா? பத்தொன்பது என்று நர்ஸ் கூப்பிட்டார், எனக்கு முதலில் அது என் எண் என்றே தோன்றவில்லை.

டாக்டர் ஜெசிந்தா எக்ஸ்ரே உறையைப் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார், காகிதத்தைப் பார்த்தார், ஒன்பதாவதில் நின்றார். "அம்மாவுக்கு அப்ப என்ன வயசு?" "முப்பத்தேழு." பேனாவைக் கீழே வைத்தார், அதை நான் கவனித்தேன். "வேற யாருக்காவது? அம்மா கூடப் பொறந்தவங்க?" சத்தியமெல்லாம் எனக்கு அந்த நேரம் ஞாபகமே வரவில்லை, அந்தச் சர்க்கரை இல்லாத காப்பிதான் ஞாபகம் வந்தது. "சின்னம்மாவுக்கும், பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி," என்றேன். சொல்லிவிட்டேன். கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை. டாக்டர் நிதானமாகச் சொன்னார், ரத்த உறவில் ஒருத்தருக்கு இருந்தால்கூட யோசித்து, பேசி, கொடுக்கக்கூடியவர்களுக்குக் கொடுப்பதுண்டு, ஆனால் இவ்வளவு சின்ன வயதில் ஒருத்தர், கூடப் பிறந்தவர் இன்னொருத்தர் என்றால் அது வம்சத்தில் இறங்குகிற வகையா என்று ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பார்க்காமல் பேட்ச் ஒட்ட அவருக்கு மனசு வராது என்று. "அதுவரைக்கும் ஹார்மோன் இல்லாத மாத்திரை ஒண்ணு தர்றேன். எரிச்சல் பாதி கொறையும், தூக்கம் வரும். இதுலயும் அளவு பாத்து மாத்துவோம், விட்டுற மாட்டேன்." பேட்ச் இல்லை. எனக்கு ஏமாற்றம்தான், சின்னப் பிள்ளை மாதிரி, கடைவரை வந்துவிட்டு வாங்காமல் போகிற மாதிரி. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா, "பாதி எப்படிங்க கொறையும், சூட்டுலயா, எண்ணிக்கைலயா?" என்று கேட்டேன், அவர் சிரித்துக்கொண்டே, "நீங்கதான் எழுதி வைப்பீங்களே, பாத்துச் சொல்லுங்க" என்றார். பிறகு எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், "சின்னம்மா எந்த வருஷம் இறந்தாங்க?" என்று கேட்டார். "இறக்கலீங்க. இப்பத்தான் பேசிட்டு வந்தேன்." டாக்டர் நிமிர்ந்தார். "இருக்காங்களா? பன்னெண்டு வருஷமா நல்லா இருக்காங்களா?" "கல்யாணம் காட்சின்னு ஒண்ணு விடமாட்டாங்க." அவர் முகம் மலர்ந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் குடும்பத்தில் அந்த நோய் என்றால் சாவு, அப்படித்தான் நான் நாற்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் செத்தவர்களை மறைக்க முடியவில்லை, பிழைத்தவர் மறைத்துவிட்டார். பிழைக்கலாம் என்பதைத்தான் எங்களிடமிருந்து ஒளித்து வைத்திருந்தார்கள். "அப்ப பரிசோதனைய அவங்களுக்குத்தான் முதல்ல எடுக்கணும்," என்றார் டாக்டர். "வந்தவங்க ரத்தத்துல பாத்தாதான் தெளிவாத் தெரியும். அதுல ஒண்ணும் இல்லைன்னா உங்களுக்குப் பாதிக் கவலை போச்சு, பேட்ச் பத்தி மறுபடி பேசலாம். இருந்தா உங்க பொண்ணுக்கு, அவங்க பிள்ளைங்களுக்கு, எல்லாருக்கும் முன்னாடியே பாத்துக்கலாம். கூட்டிட்டு வர முடியுமா?"

மறுபடி அதே படிக்கட்டு. வெயில் ஏறி இரண்டாவது படி சுட்டது, மூன்றாவதில் உட்கார்ந்தேன். என்ன சொல்லப் போகிறேன் என்று ஒரு ஒத்திகையும் இல்லை. "சின்னம்மா, நான் சொல்லிப்போட்டனுங்," என்றேன் எடுத்த எடுப்பில். யாரிடம் என்று அவர் கேட்பதற்குள் நானே தொடர்ந்தேன். "டாக்டர்கிட்ட மட்டுந்தானுங். நீங்க வந்து ரத்தம் குடுக்கோணும்கறாங்க. உங்க ரத்தத்துல பாத்தாத்தான் மத்தவங்களுக்குத் தெரியுமாம்." "நானா? செத்துக் காட்டுக்குப் போற வயசுல எனக்கு என்னத்துக்கு? உனக்கு மருந்து வேணும்னா உன்ற ரத்தத்தக் குடு." கோபம்தான், நியாயமான கோபம், ஒரு மணி நேரத்துக்குள் வாக்கு மாறினவளிடம் வேறு எப்படிப் பேசுவார். "எனக்கு மட்டும் இல்லீங் சின்னம்மா. சிந்துவுக்குங்," என்றேன். "மேகலாளுக்குங்," என்றேன். போன் அறுந்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்து நொடி ஓடுகிறதா என்று பார்த்தேன், ஓடிக்கொண்டிருந்தது. மேகலாவுக்கு முப்பத்தெட்டு, எங்கள் அம்மா போன வயதைத் தாண்டி ஒரு வருஷம், இந்தக் கணக்கை நான் சொல்லவில்லை, சின்னம்மாவே போட்டிருப்பார். "அவளுக்குத் தெரியக்கூடாதுன்னுதாங் கண்ணு நான் அத்தனையும் செஞ்சது," என்றார். குரல் உடைந்துவிட்டது. "தெரியுமுங் சின்னம்மா." "அவளுக்கு வருமா?" "பாத்தாத்தான் தெரியும். வராமயும் போலாம். வந்தாலும் உங்கள மாதிரி இருக்கலாமுல்லங்." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, முந்தானையால் துடைத்துக்கொள்கிறார், பிறகு தொண்டையைச் செருமினார், கல்யாண வீட்டில் வேலை ஏவுகிற பழைய குரல் திரும்பி வந்தது. "டாக்டரம்மா நாளைக்குக் காத்தால இருப்பாங்களா?" "இருப்பாங்கங்." "அப்ப மேகலாளையுங் கூட்டிட்டு எட்டரை பஸ்ஸுக்கு வர்றன். காங்கயத்துல ஏறுனா திருப்பூர் வந்து சேர ஒரு மணி நேரம் ஆவுமில்ல. அதுக்குள்ள அவகிட்டச் சொல்லிப்போடறன்."